சின்ன உயர்நிலைப் பள்ளியில் செய்து கற்கும் ஓராண்டு: ஊர்த் தண்ணீரை எடுத்துக்கொண்டு தொடங்க ஒரு முழு வழிகாட்டி

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, வகுப்புக்கு ஒரே பிரிவு. மொத்தம் நூறு, நூற்றிருபது பிள்ளைகள். பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர், ஒரு தலைமையாசிரியர், ஒரு சத்துணவுக் கூடம், ஆய்வகம் என்ற பெயரில் ஓர் அலமாரி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அரசு உயர்நிலைப் பள்ளி என்றால் பல இடங்களில் இதுதான். வசதி இல்லை, ஆள் இல்லை என்று பேசியே பழகிவிட்டோம். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே வேலையை ஆண்டு முழுக்கச் செய்ய இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியும், வீடு எந்தத் தெருவில் என்பதும் தெரியும். ஐந்தாறு ஆசிரியர்கள் மதியச் சாப்பாட்டின்போது பேசினால் கால அட்டவணையையே மாற்றிவிடலாம். ஆயிரம் பேர் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் இது அவ்வளவு சுலபமில்லை.

செய்து கற்றல் என்றதும் நாம் செய்வது கண்காட்சி. தெர்மாகோல் வாங்குவோம், எரிமலை பொங்கும், மழைநீர் சேகரிப்பு மாதிரி ஒன்று மேசையில் நிற்கும், அதிகாரி வந்து பார்ப்பார், அடுத்த வாரம் எல்லாம் பரண் மேல் போய்விடும். பிள்ளைக்கு அன்று மகிழ்ச்சிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதில் பிள்ளை கண்டுபிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. விடை முன்பே தெரிந்த ஒன்றைத்தான் ஒட்டி வைக்கிறார்கள்.

என் கணக்கில் ஒரு வேலை செய்து கற்றலாக வேண்டுமானால் இரண்டு தேவை. அது ஆண்டு முழுக்க ஓட வேண்டும். முடிவு, ஊரில் அது தேவைப்படும் ஒருவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தண்ணீரில் இரண்டுமே உண்டு. மழை, கிணறு, கண்மாய், குழாய் என்று எதைத் தொட்டாலும் அளக்கலாம். அளந்ததைக் கேட்க ஊரில் ஆளும் இருக்கிறது.

தென்மாவட்டத்துக் கண்மாய், ஊருணிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வட மாவட்டத்தில் இருப்பவர்கள் கண்மாய் என்ற இடத்தில் ஏரி என்றும், ஊருணி என்ற இடத்தில் குடிநீர்க் குளம் என்றும் வைத்துப் படியுங்கள், வேலை மாறாது.

ஜூன்: ஆசிரியர் அறையில் முடிக்க வேண்டியவை

முதலில் தலைமையாசிரியரின் எழுத்து அனுமதி. "செய்யுங்க சார், பாத்துக்கலாம்" என்பது போதாது. வேலையின் பெயர், எந்தெந்த வகுப்பு, பள்ளிக்கு வெளியே எங்கே போவோம், யார் கூட வருவார், எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தலைமையாசிரியர் மாறுதலில் போனாலும் அந்தத் தாள் நிற்கும்.

அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தண்ணீர் என்று வரும்போது குடம் சுமக்கும் அம்மாக்களைவிட விவரம் தெரிந்தவர் யார்? ஜூன் மாதக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்: "இந்த வருஷம் பிள்ளைங்க நம்ம ஊர்த் தண்ணிய அளக்கப் போறாங்க, மார்ச்சுல கிராம சபையில வைப்போம்." எந்தக் கிணற்றை அளக்கலாம், எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார் என்பதெல்லாம் அந்தக் கூட்டத்திலேயே வந்துவிடும்.

நேரத்துக்கு எங்கே போவது என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வாரம் ஒரு நாள் இரண்டு பாடவேளைகள் அடுத்தடுத்து வருமாறு அட்டவணையை மாற்றினால் போதும். மன்றச் செயல்பாட்டுக்கு ஒதுக்கியது ஒன்று, அறிவியலில் ஒன்று. தேசிய பசுமைப் படையோ இளஞ்செஞ்சிலுவைச் சங்கமோ பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கும் பள்ளிகளில், இந்த வேலையை அதன் பெயரில் செய்தால் பதிவேடும் உண்மையாகிவிடும்.

பத்தாம் வகுப்பை என்ன செய்வது? டிசம்பர் வரை அவர்கள் முன்னால் நிற்கட்டும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பிடம் கொடுத்துவிட வேண்டும். இதை ஜூனிலேயே பெற்றோரிடம் சொல்லிவிட்டால் ஜனவரியில் சண்டை வராது.

செலவு குறைவுதான். பழைய பாட்டில்கள், நைலான் கயிறு, ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு, தையல்காரர் டேப், நீளக் கணக்கு நோட்டுகள். கொஞ்சம் விலை கூடிய பொருள், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றுதான், அதுவும் சில நூறு ரூபாய். பள்ளி மானியத்தில் அடங்கிவிடும்.

குழு பிரிப்பது: இங்கேதான் கவனம் வேண்டும்

வகுப்புவாரியாகப் பிரிக்காதீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே குழுவில் இருப்பதுதான் சின்னப் பள்ளியின் பலம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரிக்கும் மகிழ் முற்றம் திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள் ஏற்கெனவே இருந்தால் அவற்றையே வைத்துக்கொள்ளலாம். ஒரு குழுவில் இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். அதற்குள் ஐந்து பேர் கொண்ட சிறு அணிகள். ஒவ்வோர் அணியிலும் எல்லா வகுப்பிலிருந்தும் ஒருவராவது இருக்கட்டும்.

பிள்ளைகளையே சேர்ந்துகொள்ளச் சொன்னால் என்ன நடக்கும் என்பது கிராமத்துப் பள்ளியில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். தெருவாரியாகச் சேர்வார்கள். ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், காலனிப் பிள்ளைகள் ஒரு பக்கம். ஆகவே சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், எல்லோர் முன்னிலையிலும். யாராவது வந்து "இவனை அந்த அணியிலிருந்து மாத்துங்க சார்" என்று கேட்டால் குலுக்கலில் வந்தது என்று சொல்லி அனுப்பலாம்.

வேலைப் பங்கீடு இன்னும் முக்கியம். கையால் செய்யும் வேலை என்றதும் துடைப்பம் யார் கைக்குப் போகிறது, நோட்டு யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். விட்டுவிட்டால் பெண் பிள்ளைகள் கூட்டுவார்கள், பையன்கள் அளப்பார்கள். ஒரு தெருப் பிள்ளைகள் மண் சுமப்பார்கள், இன்னொரு தெருப் பிள்ளைகள் பெயர் எழுதுவார்கள். பள்ளிக் கழிவறையைக் குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளைக் கொண்டு கழுவவைத்த கொடுமை இந்த மாநிலத்தில் மீண்டும் மீண்டும் செய்தியானது. செய்து கற்றல் என்ற பெயரில் அதன் நிழல்கூட நம் பள்ளியில் விழக் கூடாது. கழிவறைச் சுத்தம் பிள்ளைகளின் வேலையே இல்லை, எந்தப் பிள்ளைக்கும் இல்லை.

அணிக்குள் ஐந்து வேலைகள்: அளப்பவர், எழுதுபவர், பொருள் பொறுப்பாளர், கேள்வி கேட்பவர், இடத்தைத் துடைத்து ஒழுங்கு செய்பவர். இந்த ஐந்தும் வாரம் ஒருமுறை சுற்றி வர வேண்டும். ஒரு சார்ட்டில் சக்கரம் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டால் திங்கட்கிழமை பிள்ளைகளே திருப்பிக்கொள்வார்கள். பத்தாம் வகுப்பு அண்ணன் துணி பிடித்துத் துடைப்பதையும், ஆறாம் வகுப்புத் தங்கை அளவைச் சொல்ல அவன் காத்திருப்பதையும் பார்க்கும்போது பள்ளியின் காற்றே மாறும்.

ஜூலை: மழைமானி செய்வது

இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில் எடுங்கள், பக்கங்கள் நேராக இருப்பதாகப் பார்த்து. கழுத்துக்குக் கீழே, உடல் நேராகத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகினால் அதுவே புனல். புனலால் ஆவியாதல் குறையும், இலை தழையும் உள்ளே போகாது.

இப்போது ஒரு சிக்கல். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கிருந்து அளந்தால் கணக்கு தப்பும். அடியில் கூழாங்கற்களைப் போட்டு, உடல் நேராகத் தொடங்கும் மட்டம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அதுதான் சுழி. அதற்கு மேல் அளவுகோலை ஒட்டி மில்லிமீட்டர் கோடுகள். வாயின் அகலமும் உடலின் அகலமும் ஒன்றாக இருப்பதால், தண்ணீர் ஏறிய உயரம்தான் மழை அளவு. அளந்து முடித்ததும் தண்ணீரைச் சுழிக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மழையில்லாத நாளிலும் அந்தத் தண்ணீர் கொஞ்சம் ஆவியாகும், அதனால் மாலையில் ஒருமுறை கோடுவரை நிரப்பி வைப்பது நல்லது.

எட்டாம் வகுப்புக்கு மேல் இன்னொரு முறையையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள புனலை ஏதாவது ஒரு கேனில் வைத்து, சேர்ந்த தண்ணீரைச் சிரிஞ்சால் அளப்பது. புனல் வாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ. ஆகவே 1 மி.மீ. மழைக்கு 7.85 மில்லி சேர வேண்டும். வட்டத்தின் பரப்பு எதற்கு என்று கேட்ட பிள்ளைக்கு இதுவே பதில்.

வைக்கும் இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். பக்கத்து மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் நல்லது. தரையிலிருந்து ஓர் அடி உயரம் இருந்தால் மண் தெறிக்காது. ஆட்டுக்கும் காற்றுக்கும் அசையாதபடி நான்கு செங்கல் முட்டுக் கொடுங்கள்.

ஒன்று பள்ளியில், ஒன்று ஊர்த்தெருவில், ஒன்று காலனியில், முடிந்தால் ஒன்று கண்மாய்க்கு அப்பால். தினமும் காலை 8.30 மணிக்கு வாசிப்பு. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் அந்த நேரத்தில்தான் 24 மணி நேர மழையைக் கணக்கிடுகிறது. அப்போதுதான் நம் எண்ணை நாளிதழில் வரும் தாலுகா மழை அளவோடு ஒப்பிட முடியும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் முன் பார்த்து எழுதிக்கொண்டு வரட்டும். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, தீபாவளியும் உண்டு.

நோட்டில் ஐந்து கட்டங்கள்: தேதி, நேரம், அளவு, அளந்தவர் பெயர், குறிப்பு. முதல் நாளே ஒரு விதியைச் சொல்லிவிடுங்கள். மழை இல்லையென்றால் 0 என்று எழுத வேண்டும். பார்க்க மறந்துவிட்டால் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். மறந்த நாளுக்கு 0 எழுதக் கூடாது, பக்கத்து மானியைப் பார்த்தும் எழுதக் கூடாது. கோடு போட்டதற்காக எந்தப் பிள்ளையையும் திட்டாதீர்கள். திட்டினால் மறுநாளிலிருந்து பொய் எண் வரத் தொடங்கும். அதற்குப் பிறகு நோட்டு முழுவதும் பயனில்லாமல் போகும். அறிவியலில் நேர்மை என்பதை இந்தக் கோடு சொல்லிக்கொடுக்கிற மாதிரி எந்தப் பாடமும் சொல்லிக்கொடுப்பதில்லை.

'குறிப்பு' கட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். "தெற்கே இடி, இங்கே தூறல்", "எறும்பு முட்டை தூக்கிக்கொண்டு போனது" என்று பிள்ளைகள் எழுதுவது ஆண்டு முடிவில் படிக்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

ஆகஸ்ட் முதல்: கிணற்று மட்டம்

கைப்பிடிச் சுவர் உள்ள கிணறு மட்டும். சுவர் இல்லாத வயல் கிணற்றுப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே கூடாது. ஆசிரியரோ பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவரோ கூட நிற்காமல் எந்தக் கிணற்றையும் அளக்கக் கூடாது. கைவிடப்பட்ட ஆழ்துளைக் குழி கண்ணில் பட்டால் அன்றே ஊராட்சியிடம் சொல்லி மூடவைக்க வேண்டும்.

நைலான் கயிற்றில் 10 செ.மீ.க்கு ஒரு மை அடையாளம், மீட்டருக்கு ஒரு சிவப்பு நூல். நுனியில் சின்ன எவர்சில்வர் டம்ளரைத் தலைகீழாகக் கட்டுங்கள், உள்ளே கனத்துக்கு ஒரு நட்டு. தலைகீழ் டம்ளர் தண்ணீரைத் தொட்டதும் 'டொப்' என்று சத்தம் கேட்கும். கண்ணுக்கு எட்டாத ஆழத்திலும் காது சொல்லிவிடும். பிள்ளைகள் மூச்சுவிடாமல் அந்தச் சத்தத்துக்குக் காத்திருப்பார்கள்.

சுவரின் மேல் ஓர் இடத்தில் பெயின்ட்டால் புள்ளி வையுங்கள், எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். கயிற்றில் 6 மீட்டர் 40 வந்தது, சுவர் உயரம் 80 செ.மீ. என்றால் தரையிலிருந்து தண்ணீர் 5 மீட்டர் 60 கீழே இருக்கிறது. மாதம் இருமுறை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன். மோட்டார் ஓடிய கிணற்றை அளந்தால் அது இறைத்த அளவைத்தான் காட்டும்.

நவம்பர் மாதம் ஒரு பெரிய கட்டத் தாளில் இரண்டையும் சேர்த்து வரையச் சொல்லுங்கள். மழை மேலிருந்து தொங்கும் பட்டைகளாக, கிணற்று மட்டம் கீழே ஒரு கோடாக. தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் வருகிறது. முதல் நல்ல மழைக்குக் கிணறு அசையாமல் கிடப்பதையும், சில வாரம் கழித்து ஏறுவதையும் பிள்ளைகள் தங்கள் தாளிலேயே பார்ப்பார்கள். ஏன் என்று கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். கண்மாய் நிறைந்த தேதியை எங்கே குறித்தோம் என்று மட்டும் கேளுங்கள். கண்மாய்க்குக் கீழே உள்ள கிணறும் மேட்டில் உள்ள கிணறும் ஏன் வேறுவேறு மாதிரி ஏறுகின்றன என்பதை அவர்களே பிடித்துவிடுவார்கள்.

செப்டம்பர்: கரையில் ஒரு நடை

காலாண்டுத் தேர்வுக்கு முன், பருவமழைக்கு முன், ஒரு காலைப்பொழுது. பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல், முதலுதவிப் பெட்டி, இருபது பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள், போகும்போதும் வரும்போதும் தலை எண்ணிக்கை. கரையை விட்டு உள்ளே இறங்கக் கூடாது. வண்டல் மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. தமிழ்நாட்டில் பிள்ளைகள் மூழ்கிய பல இடங்கள் இப்படி வெட்டிவிட்ட குழிகள்தான்.

கூடவே வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியையோ கண்மாய் விவரம் தெரிந்த பெரியவரையோ அழைத்துப் போங்கள். அன்றைக்கு அவர்தான் ஆசிரியர், நாம் பின்னால் நடப்போம். வயலுக்குத் தண்ணீர் விடும் மடை எது, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கு எது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் அடைபட்டது, சீமைக்கருவேலம் எப்போது வந்தது என்று அவர் சொல்லச் சொல்ல அணிகள் வரைபடம் போட வேண்டும். காலடிகளை எண்ணிக் கரை நீளத்தைக் கணக்கிடுவது ஒரு வேலை. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் அது 1 கோடி லிட்டர் என்பதைக் கரையில் நின்றே போட்டுப் பார்த்தால், கண்மாய் என்ற சொல்லின் எடை பிள்ளைக்குப் புரியும்.

அக்டோபர்: குடிக்கும் தண்ணீர்

டி.டி.எஸ். மீட்டரை வைத்து அடிபம்பு, ஊருணி, கிணறு, காவிரிக் கூட்டுக் குடிநீர், கேன் தண்ணீர் எல்லாவற்றையும் அளந்து ஒரு பட்டியல். இந்தியத் தர நிர்ணயத்தின்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. அமில காரத் தன்மைக்கு மஞ்சள்தூள் தடவிய தாளும் செம்பருத்திச் சாறும் போதும், ஆறாம் வகுப்பே செய்துவிடும்.

டி.டி.எஸ். குறைவு என்றால் நல்ல தண்ணீர் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அந்த மீட்டர் கிருமியைக் காட்டாது, ஃபுளோரைடையும் தனியாகக் காட்டாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக மக்கள் பட்ட பாடு ஃபுளோரைடால். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. சந்தேகம் இருந்தால் மாதிரியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் சுத்தம் செய்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், அன்றே கொண்டு சேர்க்க வேண்டும்.

முடிவு மோசமாக வந்தால் பிள்ளைகள் மூலம் ஊருக்குள் பரவவிடாதீர்கள். முதலில் தலைமையாசிரியர், பிறகு எழுத்து மூலம் ஊராட்சி. ஒரு தெருக் குழாய் கெட்டது என்ற பேச்சு அந்தத் தெருவையே இழிவாகப் பேசுவதில் போய் முடிவதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாத் தெருவையும் அளக்க வேண்டும், எல்லா எண்ணையும் ஒன்றாகவே வெளியிட வேண்டும்.

பெரியவர்களிடம் கேட்டு எழுதுவது

இது தமிழாசிரியர், சமூக அறிவியல் ஆசிரியர் இருவரின் களம். மூன்று பேர் கொண்ட அணி, ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, ஒருவர் கவனிக்க. கைபேசியில் பதிவு செய்வதானால் முதலில் அனுமதி கேட்க வேண்டும்.

"அந்தக் காலத்தில் மழை எப்படி இருந்தது?" என்று கேட்டால் "அப்பெல்லாம் நல்லா பெய்யும்" என்பதோடு முடிந்துவிடும். "கலுங்கு பாய்ந்ததைக் கடைசியாக எப்போது பார்த்தீங்க அப்பத்தா?" என்று கேட்டால் கதை வரும். ஆண்டு சொல்லத் தெரியாதவர்களுக்கு நினைவில் நிற்கும் நிகழ்ச்சிகளை எடுத்துக் கொடுங்கள்: தனுஷ்கோடிப் புயல் 1964, எம்.ஜி.ஆர். இறந்தது 1987, சுனாமி 2004, கஜா புயல் 2018. "எம்.ஜி.ஆர். செத்ததுக்கு மறுவருஷம்" என்று ஒரு பாட்டி சொன்னால் அது 1988. பத்துப் பேரிடம் கேட்டு ஒரு காலக்கோடு வரைந்தால் சில ஆண்டுகளில் எல்லோரும் ஒத்துப்போவார்கள், சில ஆண்டுகளில் முரண்படுவார்கள். முரணையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

யார் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடிந்தது, யாரால் முடியவில்லை என்ற பேச்சும் வரும். வரட்டும். பிள்ளைகள் கேட்க வேண்டிய வரலாறுதான் அது. ஆனால் அன்று ஆசிரியர் கூட இருக்க வேண்டும். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்க வேண்டும்.

"சிலபஸ் முடியாதே" என்பவர்களுக்கு

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் சராசரி, இடைநிலை, முகடு இருக்கிறது, மழை நோட்டிலிருந்து எடுக்கலாம். ஹெரான் சூத்திரம் இருக்கிறது, ஊருணியை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கலாம். பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம், இடைக்கண்டம், உயரமும் தொலைவும் இருக்கின்றன. பாகைமானி, ஸ்ட்ரா, நூல், ஒரு சின்னக் கல் இருந்தால் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் உயரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். ஆண்டு முழுக்கச் சிரிஞ்சும் அளவுகோலும் பிடித்த கை அங்கே நடுங்காது. ஆங்கில ஆசிரியர் ஊராட்சிக்கும் ஆய்வகத்துக்கும் எழுதும் கடிதங்களையே கடிதப் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை அல்ல, வாரம் ஒரு பாடமாவது இந்த நோட்டைத் திறந்து நடக்க வேண்டும்.

பள்ளிக் கூரைக் கணக்கு எனக்குப் பிடித்தது. 20 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள கூரை என்றால் 120 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்பது 1 லிட்டர். 25 மி.மீ. பெய்தால் 3000 லிட்டர். பள்ளியின் தேவையைப் பிள்ளைகளே அளந்து பார்த்து, இது எத்தனை நாளுக்கு வரும் என்று போடட்டும். அப்புறம் கூரைக் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று அவர்களே போய்ப் பார்ப்பார்கள்.

சத்துணவுக் கூடத்தில் கை கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி முருங்கைக்கும் வாழைக்கும் விடுவது சின்ன வேலை, ஒரே வாரத்தில் முடியும். சமையலர் அக்காவைக் கேட்டே இடம் தேர்ந்தெடுங்கள். விளையும் கீரை அவர் சட்டிக்குத்தான் போகப் போகிறது.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள், உங்கள் அணிகளும் கரையில் நின்று எண்ணலாம். கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம் இவ்வளவு தெரிந்தால் தொடங்கப் போதும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிப் பக்கம் கண்மாய்ப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். படித்தவர்கள் போய்ச் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கமில்லை அது.

மார்ச் 22: கிராம சபை

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். நம் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

பிப்ரவரியில் அணிகள் சேர்ந்து மூன்றே மூன்று தாள் தயாரிக்க வேண்டும்: ஊர் வரைபடம், மழையும் கிணறும் சேர்ந்த படம், குடிநீர்ப் பட்டியல். வெள்ளை வேட்டித் துணியில் பெரிதாக வரைந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும். கோரிக்கை ஒன்று மட்டும் இருக்கட்டும், சின்னதாக, இடம் குறித்து. "தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்" என்பதைக் கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "மேற்கு வரத்துக்காலில் பாலத்துக்கு அருகே அடைபட்ட இடத்தைத் தூர்வார வேண்டும்" என்றால் யாராவது ஒருவர் பொறுப்பேற்றே ஆக வேண்டும்.

கிராம சபையில் உறுப்பினர் வாக்காளர்கள்தான். ஆகவே மனுவில் பெற்றோரோ பள்ளி மேலாண்மைக் குழுவோ கையெழுத்திட வேண்டும், பிள்ளைகள் படத்தைக் காட்டி விளக்கலாம். சில நாட்களுக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்தால்தான் கூட்டப் பொருளில் சேரும். தீர்மானம் போட்டால் அது பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். நகலைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

விளக்கப் போகும் பிள்ளைகளை நன்றாகப் பேசுபவர் என்று தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தந்தத் தாளுக்கு உழைத்த அணியிலிருந்து இருவர், அதில் ஒரு பெண் பிள்ளை கட்டாயம். பொய்யாக மனப்பாடம் செய்த உரை வேண்டாம். "கோடு போட்ட நாள்கள் நாங்கள் அளக்க மறந்த நாள்கள்" என்று ஓர் ஏழாம் வகுப்புப் பிள்ளை சபையில் சொன்னால், மற்ற எண்களை ஊர் நம்பும்.

ஏப்ரல்: ஒப்படைப்பு

இதைச் செய்யாவிட்டால் எல்லாம் ஓராண்டுக் கதையாகப் போய்விடும். ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் கிணற்றுக்கு இருவர், மழைமானிக்கு இருவர் என்று இப்போதே பயிற்சி கொடுக்க வேண்டும், சொல்லிக்கொடுப்பது மூத்த பிள்ளைகள்தான். கோடை விடுமுறையில் மே மாத வாசிப்பை விடவே கூடாது, கிணறு மிகவும் கீழே போவது அப்போதுதான். விடுமுறையில் ஊரிலேயே இருப்பவர் யார், பாட்டி வீட்டுக்குப் போகிறவர் யார் என்று கேட்டுப் பெயர் போடுங்கள். மே மாதக் கிணற்று அளவுக்குக் கூட நிற்கும் பெரியவர் பெயரையும் எழுதுங்கள்.

நோட்டுகள், துணிப் படம், தீர்மான நகல், பெரியவர்கள் சொன்னதை எழுதிய தாள்கள், கயிறு, டம்ளர், மீட்டர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து அலமாரியில் பூட்டி, என்னென்ன இருக்கின்றன என்று ஒரு பட்டியலைப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டுங்கள். கிணற்றுச் சுவரின் புள்ளி எங்கே இருக்கிறது, சுவர் உயரம் எத்தனை என்பதும் அதில் இருக்க வேண்டும். புள்ளி அழிந்து புதிதாக வைக்கும்போது உயரம் மாறினால் பழைய கணக்கோடு ஒட்டாது. பொருள்களைப் பள்ளி இருப்புப் பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள். சாவி ஒன்று தலைமையாசிரியரிடம், இன்னொன்று அடுத்த ஆண்டுப் பொறுப்பாசிரியரிடம்.